பக்கத்தை வாசித்தல்: அச்சுக் குறிகளையும் வரைவுக் குறிகளையும் மாணவருக்குக் கற்பித்தல்

எழுத்தறிவு என்பது எழுத்துக்களைக் கூட்டி வாசிக்கும் ஆற்றல் என்றே எம்மிடையே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. ஆயின் அச்சிட்ட நூலொன்றைக் கையில் எடுக்கும் மாணவரின் கண்ணிற் படுவன எழுத்துக்கள் மாத்திரம் அல்ல. தலைப்பின் பருமன், பந்திகளுக்கிடையே விடப்பட்ட வெளி, தடித்த எழுத்து, அடைப்புக்குறி, அடிக்குறிப்பின் எண், அட்டவணையின் நிரலும் நிரையும், படத்தின் கீழே சிற்றெழுத்தில் அமைந்த விளக்கம், தேசப்படத்தின் மூலையிலுள்ள அளவுத்திட்டம் ஆகிய யாவும் பொருள் உணர்த்துவனவே. எழுத்தோடு சார்ந்து வருவனவற்றை அச்சுக் குறிகள் என்றும், அட்டவணை, வரைபு, தேசப்படம் முதலியனவாய் வருவனவற்றை வரைவுக் குறிகள் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். எழுத்தையும் சொல்லையும் இலக்கணத்தையும் எமது பாடசாலைகள் கற்பிக்கின்றன. பக்கத்தை வாசிக்கக் கற்பித்தல் அரிதாகவே நிகழ்கின்றது. இக்குறை தமிழ் மாணவரை ஏனையோரினும் மிகுதியாகத் தாக்குகின்றது என்பது எமது கருத்து. அதற்குரிய காரணங்களையும், வகுப்பறையிற் செய்யக்கூடியவற்றையும் ஈண்டு நோக்குவோம்.

நுகேகொடையில் இருந்து இதனை எழுதுவதற்கும் காரணம் உண்டு. 1959 இல் வித்தியோதயப் பல்கலைக்கழகமாக நிறுவப்பெற்று, 1978 முதல் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகம் என வழங்கும் நிறுவனம் கங்கொடவிலையில் உள்ளது. 1980 இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் அயலிலே நாவலையில் உள்ளது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் ஆகிய இடங்களிலிருந்தும், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய கொழும்புப் பகுதிகளிலிருந்தும் இங்கு வரும் மாணவருட் பலர் க.பொ.த. உயர்தரம் வரை தமிழிற் கற்றவர்கள். வந்ததும் அவர்கள் எதிர்கொள்வன புள்ளிவிபர அட்டவணைகள், நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், ஆங்கிலப் பாடநூல்கள் என்பன. தொலைக்கல்வியை மேற்கொள்வோருக்கோ நாளாந்தம் முன்னின்று விளக்கும் விரிவுரையாளரின் குரலும் இல்லை. எது தலையாயது, எது உதாரணம், எங்கே நின்று சிந்திக்க வேண்டும் என்பவற்றை அக்குரலுக்குப் பதிலாகப் பக்கத்தின் அமைப்பே சொல்ல வேண்டியுள்ளது.

இம்மாணவர் பாடசாலையிலிருந்து கொண்டுவரும் பழக்கம் ஒன்றுண்டு. அது குறிப்பெழுதும் பழக்கம். ஆசிரியர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல, மாணவர் கொப்பியில் எழுதுவர். அவ்வாறு சொல்லும்பொழுது தலைப்பும் உபதலைப்பும் ஒரே குரலில் ஒலிக்கின்றன. அட்டவணை வசனமாகின்றது. அடைப்புக்குறி மறைகின்றது. படத்தை 'நூலிற் பார்க்க' என்ற இரண்டு சொற்கள் ஈடுசெய்கின்றன. அச்சிலே நிலத்தோற்றம் போல மேடு பள்ளங்களோடு இருந்த பக்கம் கொப்பியிலே சமதரையாகி விடுகின்றது. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் இச்சமதரையில் நடந்து பழகியவர் பிறகு முந்நூறு பக்க நூலொன்றைப் பெறும்போது முதற்பக்கத்திலிருந்து வரிவரியாக வாசிக்கத் தொடங்குகின்றார். பொருளடக்கத்தையோ சொல்லடைவையோ பார்ப்பதில்லை. அவரது சோம்பலோ அறிவுக் குறைவோ இதற்குக் காரணம் ஆகாது. தனியார் வகுப்புகளில் வழங்கப்படும் 'ரியூட்' எனும் அச்சுத்தாள் இதற்கு நேர்மாறான தீங்கைச் செய்கின்றது. பரீட்சைக்கு வரக்கூடியவை எனக் கருதி அதிலே பாதிக்கு மேற்பட்ட வரிகள் தடித்த எழுத்தில் அமைக்கப்படுகின்றன. எல்லாமே தடித்திருக்கும் பக்கத்தில் தடிப்பு என்பது எதையுஞ் சொல்வதில்லை.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

இக்குறிகளின் பயனை மாணவர் உணர்வதற்கு அவை இல்லாத காலத்தைக் காட்டுதலே சிறந்த வழி. ஏட்டுச் சுவடியிற் சொற்களுக்கிடையே வெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடுவதில்லை. அவ்வேறுபாடு வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தமாகக் கூறப்படுவது. ரகரமும் காலும் ஒன்றுபோலத் தோன்றும். செய்யுள் அடி பிரிக்கப்படாமல் ஓலையின் நீளம் முழுவதும் ஓடும். இதனை எவ்வாறு வாசித்தனர் என மாணவர் வியப்பர். விடை எளிது. வாசித்தவர் ஆசிரியரிடம் பாடங்கேட்டவர். பாட்டு அவர் செவியில் ஏற்கெனவே இருந்தது. எதுகை வந்தால் அடி தொடங்கிற்று என்பது அவருக்குத் தெரியும். இன்று கண்ணுக்காக அச்சிடுவோர் செய்யும் வேலையை அன்று செவிக்காக யாப்புச் செய்தது எனலாம். வெண்பாவின் தனிச்சொல்லை இன்று ஒரு சிறு கோட்டினால் விலக்கி அச்சிடுகின்றோம். ஓலையில் அக்கோடு இல்லை, வேண்டப்படவும் இல்லை.

அச்சோ ஆசிரியர் அருகில் இல்லாத வாசகரை நோக்கியது. 1578 இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தொடக்கம் தமிழ் அச்சு நெடுங்காலம் சமயப் பணியாளரின் கையிலேயே பெரிதும் இருந்தது. யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிஷனின் அச்சகம் 1834 இல் மானிப்பாயில் இயங்கத் தொடங்கிற்று. 1841 இல் 'உதயதாரகை' தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவரலாயிற்று. ஆறுமுக நாவலர் 1849 இல் சென்னை சென்று அச்சியந்திரம் பெற்று வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அவர் உரைநடையின் தெளிவைப் பலரும் புகழ்வர். அத்தெளிவில் ஒரு பங்கு அச்சுக் குறிகளுக்கு உரியது என்பதைச் சொல்வோர் குறைவு. 1852 இல் வெளிவந்த அவரது பெரியபுராண வசனமும் பாலபாடங்களும், காற்புள்ளி முதலிய குறிகளை ஒழுங்காகக் கையாண்டு, நீண்ட வாக்கியத்தை எங்கே நிறுத்தி வாசிப்பது என்பதை ஆசிரியரில்லாத வாசகருக்கும் காட்டின. 'சைவ வினாவிடை'யின் பக்கத்தைக் கண்ட அளவிலேயே அது ஒப்புவித்தற்குரியது என்பதை ஒரு சிறுவன் அறிவான். கிறிஸ்தவ ஞானோபதேச நூல்களின் பக்க வடிவம் அது. எதிர்த்து வாதிட்டவர் வடிவத்தை மறுக்காது எடுத்துக்கொண்டார்.

பதிப்பாசிரியர் காலத்திற்கு வந்தால் பக்கம் மேலும் நுட்பமாகின்றது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இற் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் 1887 இற் சீவக சிந்தாமணியையும் 1894 இற் புறநானூற்றையும் அச்சேற்றினர். மூலம், உரை, பதிப்பாசிரியர் குறிப்பு என்னும் மூன்று குரல்கள் ஒரே பக்கத்தில் ஒலிக்கும் நூல்களுக்கு இவை முன்மாதிரி. எவர் பேசுகின்றார் என்பதை எழுத்தின் அளவும் இடமுமே உணர்த்துகின்றன. இவ்வகைப் பதிப்புகளில் '(இ-ள்.)' என வருவது 'இதன் பொருள்' என்பதன் சுருக்கம்; '(எ-று.)' என்பது 'என்றவாறு', அடியில் வரும் '(பி-ம்.)' என்பது 'பிரதிபேதம்', அதாவது வேறொரு சுவடியிற் காணப்பட்ட பாடம். முதலாவது சுருக்கத்தை 'இள்' என உரக்க வாசித்துச் சென்ற பல்கலைக்கழக மாணவரை நாம் கண்டதுண்டு. அவர்மீது குற்றமில்லை, எவரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் இழப்புப் பெரிது. '(பி-ம்.)' என்பதை அறியாதவர், தாம் மனனஞ் செய்த பாட்டின் அச்சொல் ஒரு பதிப்பாசிரியரின் தெரிவு என்பதையும், வேறொரு சொல்லும் அங்கே நின்றிருக்கலாம் என்பதையும் அறியாமலே பட்டம் பெறுகின்றார்.

1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட மலிவுப் பதிப்புகள் சந்தியைப் பிரித்துச் சொற்களைத் தனித்தனியே காட்டின. வாசிப்பு எளிதாயிற்று. எனினும் சொல்லிடை வெளியும் ஓர் உரையே. 'வேங்கை' எனச் சேர்த்து அச்சிட்டால் மரமோ புலியோ ஆகும். 'வேம் கை' என ஒரு வெளி விட்டால் வேகின்ற கை ஆகும். வெளி விடுபவர் பொருளைத் தீர்மானித்துவிடுகின்றார். சுவடியின் நிழற்படம், தாமோதரம்பிள்ளை காலப் பதிப்பு, சந்தி பிரித்த பதிப்பு ஆகிய மூன்றிலும் ஒரே செய்யுளை அருகருகே வைத்து, 'ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வரும்போது எவர் எதைத் தீர்மானித்தார்?' என்று வினவுதல் ஒரு மணி நேரத்திற்குப் போதுமான பயிற்சி. இதனைச் செய்து பார்த்த வகுப்புகளில் மூலபாடத் திறனாய்வு பற்றி வேறு முன்னுரை தேவைப்படவில்லை.

எழுத்து வடிவமும் இங்கே கருதத்தக்கது. 'குடி அரசு' இதழில் 1935 முதற் பெரியார் கையாண்ட சீர்திருத்த எழுத்துக்களைத் தமிழ்நாட்டரசு 1978 இல் ஏற்றது. ணா, றா, னா என்பனவும், அவற்றின் ஒகர ஓகார வரிசைகளும், ணை, லை, ளை, னை என்பனவுமாகப் பதின்மூன்று எழுத்துக்கள் வடிவம் மாறின. அதற்கு முன்னைய நூல்களில் லகர ஐகாரம் யானைத் துதிக்கைபோல மேலெழுந்து வளைந்திருக்கும். இன்றைய மாணவர் அதன்முன் தயங்கி நிற்கின்றார். நூலகத்தோடு முடிகின்ற சிக்கல் அன்று இது. வெள்ளவத்தையில் வாழும் பல குடும்பங்களின் பெட்டிகளில் ஊர்க் காணியின் பழைய உறுதிகள் இருக்கின்றன. அவற்றிலே ஆண்டுக்கு ௵, மாதத்திற்கு ௴, நாளுக்கு ௳ எனவும், 'மேற்படி' என்பதற்கு ௸ எனவும் குறிகள் வரக்கூடும். மேற்படிக் குறியைக் கோடெனக் கருதித் தாண்டிச் செல்பவர், எந்தக் காணி, எவருடைய பங்கு என்பதைத் தவறாக விளங்கிக்கொள்வார்.

பெரிய எழுத்து இல்லாத மொழி

தமிழ் மாணவருக்கு இப்பயிற்சி மிகுதியாக வேண்டும் என மேலே கூறினோம். அதன் முதற் காரணம் எமது எழுத்தின் இயல்பு. ஆங்கிலத்தில் வாக்கியத் தொடக்கத்தையும் சிறப்புப் பெயரையும் பெரிய எழுத்துக் காட்டும். நூற்பெயரைச் சாய்வெழுத்துக் காட்டும். தமிழிற் பெரிய எழுத்தும் இல்லை, இயல்பான சாய்வெழுத்தும் இல்லை. 'தினகரன்' என்னும் சொல் ஞாயிற்றைக் குறிக்கும். ஓர் ஆளின் பெயராகும். 1932 முதற் கொழும்பில் வெளிவரும் நாளிதழின் பெயருமாகும். மூன்றையும் வேறுபடுத்த எமக்குள்ள துணை ஒற்றை மேற்கோட் குறியும் வாக்கியச் சூழலுமே. ஆகவே எமது மொழியில் மேற்கோட் குறி, வெளி, தடிப்பு ஆகிய சிலவே அதிக பாரத்தைச் சுமக்கின்றன. சுமப்பன குறைவாதலின் ஒன்றைத் தவறவிட்டாலும் இழப்பு மிகும். சாய்வெழுத்து 1501 இல் வெனிஸ் நகர அச்சகத்தில் முழு நூலையும் அச்சிடுதற்காகவே வழக்கிற்கு வந்தது. அழுத்தங் காட்டும் பணி பின்னர் அதற்கு வந்து சேர்ந்தது. அதனைக் கணினி வழியாகத் தமிழுக்கு ஏற்றி, வட்ட வடிவான எமது எழுத்துக்களைச் சரித்து விடுதல் கண்ணுக்கு உவப்பாயில்லை என்பதோடு வாசிப்பையும் தடுக்கின்றது. மேற்கோட் குறியே மேலானது என்பது எமது துணிபு.

வரியின் ஈற்றிலே சொல்லை முறிக்கும்பொழுது இணைப்புக்கோடு இடாத வழக்கம் தமிழச்சில் நெடுங்காலமாக உள்ளது. பழகியவர் இதனைக் கவனிப்பதுமில்லை. சிறுவரும், தமிழை இரண்டாம் மொழியாகப் பயிலும் சிங்கள மாணவரும் இங்கேதான் முதலில் இடறுகின்றனர்.

அறிந்த பக்கத்திலிருந்து தொடங்குதல்

எங்கிருந்து தொடங்குவது? மாணவர் ஏற்கெனவே செம்மையாக வாசிக்கக்கூடிய பக்கத்திலிருந்து என்போம். எமது நாளிதழ்களின் மரண அறிவித்தலை எடுத்துக்கொள்வோம். பத்திரிகையை வகுப்பின் முன்னே பத்தடி தூரத்தில் விரித்துப் பிடித்தால், ஓர் எழுத்தும் தெளிவாகத் தெரியாத நிலையிலும் அது மரண அறிவித்தற் பக்கம் என எல்லோரும் கூறுவர். எவ்வாறு அறிந்தீர் என வினவுதலே பாடத்தின் தொடக்கம். பெட்டி பெட்டியான அமைப்பு, ஒவ்வொன்றிலும் முகப் படம், மிகப் பெரிய எழுத்திற் பெயர் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே போவர். பின்னர் அருகிற் சென்று ஒன்றை வாசிக்கலாம். பிறப்பிடமும் வதிவிடமும் பெரும்பாலும் பெயருக்கு மேலே நிற்கும். பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், மருமக்கள், சகோதரர் என உறவு வரிசைப்படும். ஈமக்கிரியை நிகழும் நேரமும் இடமும் கீழே தனித்து நிற்கும், ஏனெனில் அவசரமாகப் புறப்படுபவர் தேடுவது அதனையே. பிள்ளைகளின் பெயருக்குப் பின்னே அடைப்புக்குறிக்குள் லண்டன், ரொறன்ரோ, பரிஸ், சிட்னி என ஊர்ப்பெயர் வரும். 1983 இன் பின்னர் இவ்வடைப்புக்குறிகள் பெருகிய வகையை ஆராய்ந்தால் ஈழத்தமிழரின் புலப்பெயர்வு வரலாற்றில் ஓர் இயல் எழுதலாம். அதே அறிவித்தலைத் தலைப்பும் பெட்டியுமின்றி ஒரே பந்தியாகத் தட்டெழுதி மாணவரிடம் கொடுத்து, தகனம் எத்தனை மணிக்கு எனக் கண்டுபிடிக்கச் சொல்லுக. அவர்கள் தேடித் திணறும் அச்சிறு பொழுதிலே அச்சுக் குறியின் பணி விளங்கிவிடும்.

பஞ்சாங்கம் இதனினும் கடினமான பக்கம். ஆயினும் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பாட்டிமார் அதனை இலகுவாக வாசிப்பர். நாளுக்குரிய நிரையில் விரலை வைத்து, திதிக்கும் நட்சத்திரத்திற்கும் உரிய நிரல்களுக்கு நகர்த்தி, விரல் நின்ற இடத்து எண்ணைச் சொல்வர். புள்ளிவிபர வகுப்பிலே நாம் முயன்று கற்பிக்கும் திறன் இதுவே. நாழிகைக் கணக்கில் அமைந்த பஞ்சாங்கத்திலே ஒரு கட்டத்தில் 23.15 என்றிருப்பதாகக் கொள்வோம். தசமத்திற் பழகிய மாணவர் இதனை இருபத்து மூன்று தசம் ஒன்று ஐந்து என வாசிப்பார். அது 23 நாழிகை 15 விநாடி. ஒரு நாழிகைக்கு 60 விநாடியாதலின் இருபத்து மூன்றேகால் நாழிகை. நாழிகை ஒன்று 24 நிமிடம். ஆகவே சூரியோதயத்திலிருந்து 558 நிமிடம், அதாவது 9 மணி 18 நிமிடம். உதயம் காலை 6 மணியாயின் அத்திதி பிற்பகல் 3.18 வரை நிற்கும். அலகு என்பது எண்ணுக்குள் இல்லை, நிரலின் தலைப்பிலும் நூலின் மரபிலும் உள்ளது என்பதை இதனிலும் நன்கு காட்டும் உதாரணம் எமக்குக் கிடைக்கவில்லை. சாதகத்தின் இராசிச் சக்கரமும் அத்தகையது. பன்னிரு கட்டங்களில் எதிலும் இராசியின் பெயர் எழுதப்படுவதில்லை. இடது மேல் மூலை மீனம், அதற்கடுத்தது மேடம், பின்னர் வலஞ்சுழியாக ஏனையவை, இடமே பெயராகின்றது. சோதிடத்தில் நம்பிக்கை கொள்வதும் கொள்ளாததும் வேறு. வரைவுக் குறி என்பது யாது என்பதை விளக்க அது உதவும்.

எண்ணும் படமும்

சலாகை வரைபு உலகிற்குப் பழமையானதன்று. வில்லியம் பிளேபெயர் 1786 இல் வெளியிட்ட நூலில் ஸ்கொத்லாந்தின் வணிகத்தைக் காட்ட அதனைப் பயன்படுத்தினார். இன்று பத்திரிகையின் எந்தப் பக்கத்திலும் அது உண்டு. இரு ஆண்டுகளின் விற்பனை முறையே 96, 100 என்க. அச்சு பூச்சியத்திலிருந்து தொடங்கினால் இரு சலாகைகளும் ஏறத்தாழச் சமமாகத் தோன்றும். அச்சினை 90 இலிருந்து தொடங்கினால் அவற்றின் உயரம் 6, 10 ஆகி, விற்பனை ஒன்றரை மடங்கிற்கும் மேலாகப் பெருகியது போலத் தோன்றும். எண்கள் பொய்யல்ல, படம் பொய் சொல்கின்றது. முகாமைத்துவமும் வணிகமும் பயிலும் மாணவருக்கு இது விளையாட்டன்று. நாளை அவர்களே அத்தகைய வரைபுகளை வரையப் போகின்றவர்கள்.

இலங்கையிலே அண்மைக் காலத்தில் எல்லோரையும் தொட்ட உதாரணம் ஒன்றுண்டு. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்தெம்பரிற் பணவீக்கம் 69.8 வீதம், 2023 செப்தெம்பரில் 1.3 வீதம். இவ்வீழ்ச்சியைக் காட்டும் கோட்டு வரைபைப் பார்த்த மாணவருட் பலர், பொருள்களின் விலை குறைந்துவிட்டது எனக் கூறினர். ஆனால் வெள்ளவத்தைச் சந்தையிலே எவரும் அவ்வாறு காணவில்லை. நிலைக்குத்து அச்சின் அருகிலே எழுதப்பட்டிருந்தது விலை அன்று, விலை ஏறும் வீதம். ஏறிய விலை ஏறியபடியே நின்றது. மேலும் ஏறும் வேகம் குறைந்தது. கோடு கீழிறங்கினாற் பொருளும் கீழிறங்கும் எனக் கண் முடிவு செய்துவிட, அச்சின் பெயரை வாசிக்கும் பொறுமை எவருக்கும் இருப்பதில்லை. இன்னுமொன்று. இவ்விரு எண்களும் ஒரே தொடரைச் சேர்ந்தவையல்ல. முன்னையது 2013 ஆம் ஆண்டை 100 எனவும், பின்னையது 2021 ஆம் ஆண்டை 100 எனவும் கொண்ட சுட்டெண்களுக்குரியன. இதனைச் சொல்வது அட்டவணையின் தலைப்பிலோ அடியிலோ சிற்றெழுத்தில் நிற்கும் '2013 = 100', '2021 = 100' என்னும் குறிப்புகளே. கொட்டை எழுத்துச் செய்தியை மாத்திரம் வாசித்தவர் அரசு புகழ்ந்தாலும் நம்புவார், எதிர்க்கட்சி இகழ்ந்தாலும் நம்புவார்.

தேசப்படம் பற்றி ஒன்று மாத்திரம் கூறுவோம். ஓரங்குலத் தாள்களில் அளவுத்திட்டம் 1:63,360 என எண்ணாலும், பிரிவிட்ட கோட்டாலும் தரப்பட்டிருக்கும். மாணவர் கையில் இருப்பதோ பெரும்பாலும் சுருக்கியெடுத்த நிழற்பிரதி. சுருக்கிய கணமே எண்ணாற் சொன்ன அளவுத்திட்டம் பொய்யாகிவிடுகின்றது. கோட்டு அளவுத்திட்டமோ படத்தோடு சேர்ந்து தானுஞ் சுருங்குதலின் மெய்யாகவே நிற்கின்றது. நிறமற்ற பிரதியில் நீல ஆறும் கபில நிறச் சமவுயரக் கோடும் ஒன்றுபோலத் தோன்றும். அங்கே கோட்டின் மீதுள்ள எண்ணைத் தேட வேண்டும்.

வகுப்பறைக்கு வெளியேயும் பக்கம் உண்டு. ஹைலெவல் வீதியிலே 138 ஆம் இலக்க பஸ்ஸை மறிப்பவர் இலக்கத்தை மட்டும் பார்த்து மறிக்கின்றார். எண் மும்மொழிக்கும் பொது. அரச அலுவலகப் பலகைகளிற் சிங்களம் மேலும் தமிழ் நடுவிலும் ஆங்கிலம் கீழுமாக நிற்பது வழக்கம். 1987 இல் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாயிற்று. எனினும் சில பலகைகளில் நடுவிலுள்ள வரி ஏனைய இரண்டினும் சிறுத்தும், எழுத்துப் பிழை மலிந்தும் நிற்பதைக் காண்கின்றோம். எழுத்தின் அளவு ஒரு கூற்று என்பதைக் கற்ற மாணவர் அப்பலகையிற் சொற்களுக்கு மேலாக ஒன்றை வாசிப்பார். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அளவெடுத்து வைத்த இடத்தில் அடங்குவதில்லை. இக்காரணத்தையும் மாணவர் அறிதல் வேண்டும். எல்லாச் சிறு எழுத்தும் அவமதிப்பன்று. எல்லாம் தற்செயலும் அன்று.

கணினி யுகத்திலே பக்கம் மீண்டும் ஓலையாகின்றதோ என்னும் ஐயம் எமக்குண்டு. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களைத் தட்டெழுதி எவரும் பெறக்கூடியதாகச் செய்தது. அதன் நன்மை அளவிடற்கரியது. ஆயினும் தட்டெழுதிய பாடம் கைபேசிக்குக் கைபேசி பிரதியாகும்போது மூலத்திற்கும் உரைக்குமுள்ள எழுத்து வேறுபாடு மறைகின்றது. அடிக்குறிப்பு எண் சொல்லோடு ஒட்டி நிற்கின்றது. எந்தப் பதிப்பு என்பதைச் சொல்லும் முகப்புப் பக்கமே விடுபட்டுப் போகின்றது. 2005 முதல் ஈழத்து நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வழங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தில் முகப்பும் விளம்பரமும் விலையும் அச்சகத்தின் பெயரும் நூலோடு நிற்கின்றன. எமது மாணவர் சமர்ப்பிக்கும் ஒப்படைகளில் மேற்கோள் காட்டும்போது, தட்டெழுதிய பாடத்தைத் தேடுதற்குப் பயன்படுத்தி, பின்னர் பக்கத்தின் படத்தைத் திறந்து ஒப்புநோக்கி, பதிப்பின் ஆண்டையும் பக்க எண்ணையும் அப்படத்திலிருந்தே எழுதுமாறு கேட்கின்றோம். சென்ற பருவத்திலே அவ்வாறு ஒப்புநோக்கிய மாணவி ஒருவர், தாம் மூலமெனக் கருதி எடுத்தாண்ட நான்கு வரிகளுள் இரண்டு பதிப்பாசிரியரின் குறிப்பு என்பதைப் பக்கத்திலிருந்த சிற்றெழுத்தைக் கொண்டு கண்டறிந்தார்.